எங்கள் வீட்டுப் பூஞ்சை

மருமகளின் கல்ச்சர் பாசிட்டிவ் என்று நர்ஸ் வந்து சொன்னபோது டைம்கீப்பருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. அவர் குடும்பத்தில் வேறு எப்படி இருக்கும்? மகனுக்குப் பெண் பார்க்கும்போதே அதைத்தான் அவர் முதலில் விசாரித்திருந்தார்; படிப்பையும் வேலையையும் பிறகுதான் கேட்டார். ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து, சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "சந்தோஷம்மா. எங்க வீட்டுல எல்லாருக்குமே அது நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

நர்ஸ் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு டாக்டர் வந்து பேசுவார் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த டிரைவரும் அவரிடம் தாமதத்துக்குக் காரணம் சொல்லி முடித்ததில்லை. தொடங்குவார்கள், அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விழுங்கிவிடுவார்கள். வீட்டிலும் அவர் அப்படித்தான். தம் குடும்பத்தைப் பற்றி ஊரில் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தார். மருமகளுக்கு ரத்தத்தில் புற்று என்று தெரிந்த அன்றுகூட, நோய் வரலாம், பேச்சு வரக் கூடாது என்றுதான் மகனிடம் சொன்னார். நோய் கடுமையாக இருந்தது. சிகிச்சை அதைவிடக் கடுமையாக இருந்தது. இப்போது அவள் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், வாயில் மூச்சுக் குழாயோடு, காய்ச்சலில் கிடந்தாள்.

நல்ல செய்தியை அவர் சம்பந்தியம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாள் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, "நான் வளத்த பொண்ணுல்ல" என்று பெருமையில் பாதியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். வேறு இடமாக இருந்திருந்தால் டைம்கீப்பர் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். ஆஸ்பத்திரி ஆயிற்றே என்று விட்டார்.

வந்த டாக்டர் சின்னப் பெண். தூக்கமில்லாத கண்கள். வராந்தாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, திருட்டுச் சாமான் விற்கிறவள் போலக் குரலைத் தாழ்த்தி, "ஐயா, நெஞ்செல்லாம் பூஞ்சை" என்றாள்.

டைம்கீப்பரின் முதுகு நிமிர்ந்தது.

"வார்த்தைய அளந்து பேசுங்க டாக்டரம்மா. எங்க வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஒத்தக் கையால காஸ் சிலிண்டரத் தூக்கி வைக்கிறவ அவ. அவளப் பாத்துப் பூஞ்சைங்கறீங்க."

"எங்க பரம்பரையிலயே பூஞ்சை உடம்பு கிடையாது" என்று சம்பந்தியம்மாவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு குடும்பங்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது திருமணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். தான் உடம்பைச் சொல்லவில்லை என்றாள். பழைய ரொட்டியின் மேல் படருமே, அந்தப் பூஞ்சை. நெஞ்சுச் சளியை எடுத்து ஒரு தட்டில் வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்த்தார்கள். அதற்குத்தான் கல்ச்சர் என்று பெயர். பூஞ்சை முளைத்திருந்தது. அதன் தூள் காற்றில் எங்கும் இருக்கிறது, எல்லாரும்தான் மூச்சில் இழுக்கிறோம். நல்ல உடம்பு அதை வாசலிலேயே துரத்திவிடும். புற்றுக்குக் கொடுத்த மருந்தில் மருமகளின் வெள்ளை அணுக்களெல்லாம் அழிந்துபோயிருக்கின்றன. வீடு திறந்து கிடக்கிறது, காவலுக்கு ஆள் இல்லை. நுழைந்தது நுரையீரலில் வேர் விட்டுக்கொண்டிருக்கிறது.

டைம்கீப்பர் ஓர் அடி முன்னால் வந்தார். மருந்து இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றாள் டாக்டர். கீழே மருந்தகத்தில், குளிர்பெட்டியில் இருக்கிறது. இன்றைக்கே தொடங்கினால் பிழைக்க வழி உண்டு. தொடங்காவிட்டால் என்ன என்பதை அவள் சொல்லவில்லை.

"அப்பக் குடுங்களேன்."

"குடுக்க முடியாதுங்க ஐயா. முதல்ல மூலத் தீர்மானக் குழு கூடணும்."

டைம்கீப்பர் சம்பந்தியம்மாவைச் சற்றுத் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு, தம் மருமகளுக்கு மூலமெல்லாம் கிடையாது என்பதைத் தணிந்த குரலில், ஆனால் உறுதியாகத் தெரிவித்தார். டாக்டர் பொறுமையாக விளக்கினாள். இது வேறு மூலம். பூஞ்சை எங்கிருந்து வந்தது என்று தீர்மானிக்கிற குழு.

அந்த ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில், நோயாளிகள் உட்கார நாற்காலி இல்லாத இடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய கேடயம் ஒன்று இருந்தது. 'பூஞ்சையற்ற வளாகம்' என்று அதில் பொறித்திருந்தது. கேடயத்தை இன்னொரு முறை கொடுப்பதற்காக மதிப்பீட்டாளர்கள் வர இருந்தார்கள். பூஞ்சையற்ற வளாகத்தில் பூஞ்சை இருக்க முடியாது. இல்லாத ஒன்றுக்கு மருந்து கொடுப்பது முறைகேடு. ஆகவே வெளியிலிருந்து வந்த பூஞ்சைக்கு மட்டும்தான் அங்கே மருந்து உண்டு. அந்தச் சொல்லையே கட்டடத்துக்குள் சொல்லக் கூடாது. 'எதிர்பாராத வளர்ச்சி' என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லைத் தவறிப் பயன்படுத்தியவர்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். டாக்டர் ஏற்கெனவே ஒருமுறை போய் வந்தவள். நாள் முழுதும் ஒரு ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்து, அதன்மேல் இருப்பது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம்.

*

குழு கண்காணிப்பாளரின் அறையில் கூடியது. அகன்ற மேஜைக்குப் பின்னால் கண்காணிப்பாளர். அவருக்கு வலப்புறம் தர அதிகாரி என்ற அம்மாள், கையில் சிவப்பு ஒளி அடிக்கிற குச்சியோடு. இடப்புறம் ஏசி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர், கூட்டம் முடியும்வரை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்ற முடிவோடு.

கண்காணிப்பாளர் நல்ல பேச்சாளர். எதிரே இருப்பவர் ஒருவர்தான் என்றாலும் மண்டபத்தைப் பார்த்துப் பேசுவது போலப் பேசினார்.

"நான் எதையும் மறைக்கிறவன் இல்ல ஐயா. இந்த ஆஸ்பத்திரியில நோயாளிங்க இறந்திருக்காங்க. மூச்சு நின்னு இறந்திருக்காங்க, இதயம் நின்னு இறந்திருக்காங்க. ஆனா எதிர்பாராத வளர்ச்சியால ஒருத்தர்கூட இறந்ததில்ல. ஏன்னா அப்படி இறக்க நாங்க அனுமதிக்கிறதில்ல."

டைம்கீப்பர் தாம் கண்டதைச் சொன்னார். மருமகளின் கட்டிலுக்கு நேர் மேலே, ஏசி காற்று வருகிற துவாரத்தைச் சுற்றி, கூரையில் கறுப்பாக ஏதோ படர்ந்திருக்கிறது. ஓரத்தில் பச்சையாகவும் இருக்கிறது.

அது நிழல் என்றாள் தர அதிகாரி.

விளக்கைப் போட்டாலும் போகவில்லையே என்றார் இவர்.

"நிரந்தர நிழல்" என்றாள் அவள். பொறியாளர் குனிந்தபடியே தலையாட்டினார். மதிப்பீட்டாளர்கள் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அந்த நிழலுக்கு வெள்ளையடிப்பது வழக்கம் என்றும், இந்தத் தடவையும் அடிக்கப்படும் என்றும் சொல்லி, ஆஸ்பத்திரியின் அக்கறையைத் தெரியப்படுத்தினார்.

பிறகு தர அதிகாரி சிவப்பு ஒளியை நகர்த்தி டைம்கீப்பரின் சட்டைப் பையில் நிறுத்தினாள். வளாகத்தில் இல்லாத ஒன்று நோயாளியிடம் இருக்கிறது என்றால் அது நோயாளியின் வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஈரமான சமையலறை, துடைக்காத குளியலறை, பல குடும்பங்களில் பார்க்கிறதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாள்.

வெட்கப்பட ஒன்றுமில்லை என்ற சொல்தான் அவரைச் சுட்டது. அது மருமகள் ஆளுகிற வீடு. குழாயின் கழுத்தைக்கூட விரலில் துணி சுற்றித் துடைக்கிறவள் அவள். அவள் வாயில் குழாயோடு கிடக்கிற நேரத்தில், அவள் வீட்டைப் பற்றி ஒரு மூன்றாம் மனுஷி பேசுகிறாள்.

"எங்க வீட்டுல பூஞ்சையா? வந்து பாருங்க. எந்த மூலையில வேணும்னாலும் கைய விட்டுப் பாருங்க."

குழு மலர்ந்துவிட்டது. கள ஆய்வு என்று உடனே தீர்மானம் எழுதினார்கள்.

அன்று மாலை டைம்கீப்பர் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வீடு ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருந்தது. ஆனாலும் மகனை வாளியோடு நிறுத்தி, தாமே ஏணியில் ஏறி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கூரையின் மூலைகளைத் தேய்த்தார். சம்பந்தியம்மா குளியலறையைப் பிடித்துக்கொண்டாள். மகன் இடையில், "அப்பா, இப்ப இதுவா முக்கியம்" என்று கேட்டான். நம் வீட்டைச் சொன்னால் உன் பெண்டாட்டியைச் சொன்ன மாதிரி என்றார் அவர். மகன் வாளியை எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் காலை தர அதிகாரி தன் ஆட்களோடு வந்தாள். முகமூடி, கையுறை, காலுக்கு உறை, கட்டுக் கட்டாகப் பஞ்சுக் குச்சிகள். வாசலில் நின்ற அண்டை வீட்டார் கொலை நடந்துவிட்டதோ என்று பயந்தார்கள். ஆட்கள் ரொட்டி டப்பாவைத் திறந்தார்கள். நேற்று வாங்கிய ரொட்டி. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்கள். பீரோவை நகர்த்தினார்கள். செருப்புகளுக்குள் குச்சியை விட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பச்சையாக ஒரு புள்ளி தெரிந்ததும் தர அதிகாரியின் கண்கள் ஒளிர்ந்தன. குச்சியால் சுரண்டியபோது அது ஜன்னலுக்கு அடித்த பெயின்ட் என்று தெரிந்தது. அவள் முகம் வாடியதைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

டைம்கீப்பர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்தார்.

கடைசியில் அவள் முகமூடியை இறக்கிவிட்டு, கிட்டத்தட்டக் கெஞ்சினாள். "ரொம்ப நாளா நனைஞ்சு கெடக்கிற துணி ஏதாவது இருக்குங்களா? ஒரு துளி இருந்தாப் போதும் சார்."

"எங்க வீட்டுல அந்தப் பேச்சுக்கே இடமில்ல" என்றார் அவர்.

அதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவரால் முடியவில்லை. இந்த வீட்டில் எதிர்பாராத வளர்ச்சி எதுவும் இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று வாசலை மறித்து நின்றார். கொடுத்தாள். அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டிப்போவில் விருது வாங்கிய அன்று நடந்த நடையில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மகன் கண்ணாடிச் சுவரருகே நின்றிருந்தான். காகிதத்தை வாங்கிப் படித்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஜெயிச்சுட்டீங்கப்பா" என்றான்.

அவருக்கு முதலில் புரியவில்லை. டாக்டர் வந்துதான் சொன்னாள். வளாகத்துக்குள் பூஞ்சை இருக்க முடியாது. வீட்டிலும் இல்லை என்று இப்போது முத்திரையே விழுந்துவிட்டது. எங்கிருந்தும் வராத ஒன்று இருக்கவே முடியாது. ஆகவே மருமகளுக்குப் பூஞ்சை இல்லை. மருந்துக் கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், வாழ்த்துகளுடன்.

"இல்லாம எப்படிம்மா? நீங்கதானே சொன்னீங்க?"

"இருக்குதுங்க ஐயா. நேத்தவிட இன்னிக்கு அதிகமாவே இருக்கு" என்றாள் அவள். "இருக்குன்னு என்னாலதான் எழுத முடியாது."

டைம்கீப்பர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மருமகளின் மார்பு இயந்திரத்தின் தாளத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் உதடுகள் வெளுத்திருந்தன. அவளுக்கு மேலே நிரந்தர நிழல் நேற்றைவிடச் சற்று அகன்றிருந்தது.

அவர் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார். சட்டைப் பையில் அந்தக் காகிதம் உறுத்தியது. ஊரில் ஒருவர் ஒரு சொல் சொன்னதில்லை என்பது அவர் அப்பா அவருக்கு விட்டுப்போன ஒரே சொத்து. அதை அவர் மகனுக்குக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் பூஞ்சை என்று அவர் வாயாலேயே சொன்னால், அது அவரோடு போகாது. வீட்டை ஆள்கிறவள் தலையில்தான் விழும். பிழைத்து எழுந்தால் அவள் அதோடுதான் வாழ வேண்டும். எழாவிட்டால் வாழ வேண்டியதே இல்லை.

அவர் எழுந்தார்.

*

அன்று குழு பெரிய மண்டபத்தில் இருந்தது. மதிப்பீட்டாளர்களுக்கான வரவேற்பை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வார்டுகளில் வேலை இல்லாதவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் மற்ற நோயாளிகளின் வீட்டாரும், என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த சம்பந்தியம்மாவும் நின்றார்கள். டைம்கீப்பர் நேராக மேடைக்குப் போனார். யாரோ ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

"அது எங்க வீட்டுப் பூஞ்சைதாங்க."

தர அதிகாரி, அவரே வாசலை மறித்துக் கேட்டு வாங்கிய முத்திரையை நினைவுபடுத்தினாள். டைம்கீப்பர் அதற்கும் ஆயத்தமாக வந்திருந்தார். அவர்கள் வருவதற்கு முன்பு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டதாகவும், அவமானம் என்று மறைத்துவிட்டதாகவும் சொன்னார். முதல் பாதி உண்மையாக இருந்ததால் இரண்டாம் பாதியும் சுலபமாக வந்தது.

அவள் இலேசில் விடுகிறவள் அல்ல. நிறம் என்ன என்று கேட்டாள்.

"கறுப்பு. ஓரத்துல பச்சை."

சரியாக ஒத்துப்போகிறது என்று பொறியாளர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். எதோடு ஒத்துப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கண்காணிப்பாளர் கேட்டார். இந்த இடத்தில்தான் டைம்கீப்பரின் பிறவிக் குணம் குறுக்கே வந்தது. பூஞ்சையே ஆனாலும் அவர் வீட்டுப் பூஞ்சை நேற்று முளைத்ததாக இருக்க முடியுமா?

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்குதுங்க. கண்ட இடத்துல படராது. மழை பெஞ்சா மறுநாள் காலையில வந்துடும். ஒரு நாள் தவறினதில்ல."

"பரம்பரை வளர்ச்சி" என்றார் கண்காணிப்பாளர், நெகிழ்ந்துபோய். மேடையிலிருந்த மேஜையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரிப் பொறுப்பான குடும்பம் இன்னும் நாலு இருந்தாப் போதும் ஐயா. இந்த ஆஸ்பத்திரியில குறையே இருக்காது. எல்லாக் குறையும் உங்க வீடுங்கள்ல இருக்கும்."

கைதட்டினார்கள். தீர்மானம் எழுதி முடிவதற்குள் சின்ன டாக்டர் படியிறங்கிவிட்டாள். மருந்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வராந்தாவில் ஓடுவதை டைம்கீப்பர் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் யாரும் ஓடி அவர் அதுவரை பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது சம்பந்தியம்மா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வேறு வரிசை நாற்காலிக்கு மாறியிருந்தாள். "தாத்தா காலத்துலேர்ந்தாம்ல. விசாரிக்காம குடுத்துட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மாலைக்குள் உறவு முழுவதற்கும் செய்தி போய்விட்டது. அவருடைய தம்பி போன் செய்து, சொத்தில் பங்கு கேட்கிறவன் குரலில், தாத்தாவைச் சொன்னாயே, அவர் எனக்கும் தாத்தா இல்லையா என்று கேட்டான். டைம்கீப்பர் போனைப் பையில் போட்டார். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மருமகளின் காய்ச்சல் இறங்கத் தொடங்கியபோது அடுத்த கட்டிலில் இருந்தவளின் தம்பி, ஒரு தச்சர், அவரிடம் வந்தார். அவருடைய அக்காவுக்கும் சிறுநீரகம் மாற்றியபின் அதே எதிர்பாராத வளர்ச்சி. அவரும் குழுவின் முன்னால் போய் எங்கள் வீட்டுப் பூஞ்சை என்று சொல்லியிருந்தார்.

"கலர் கேட்டாங்கண்ணே. வெள்ளைன்னு சொல்லிட்டேன். இல்லன்னு அனுப்பிட்டாங்க. உங்க வீட்டுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

டைம்கீப்பர் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். தம் வீட்டுப் பூஞ்சை வராந்தா வழியாகத் தச்சரின் அக்காவிடம் போயிருக்க வேண்டும் என்றும், அதற்குத் தாம் வருந்துவதாகவும் குழுவின் முன் சொன்னார். குழுவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மூலம் தேடுவது எவ்வளவு பெரிய வேலை! எல்லாவற்றுக்கும் ஒரே வீடு என்றால் கோப்பு ஒன்று போதும். தச்சரின் அக்காவுக்கு மருந்து வந்தது. அதற்கடுத்த கட்டிலுக்கும் வந்தது. பாட்டுவாத்தியார் ஒருவர், தையற்காரி ஒருத்தி என்று ஒவ்வொருவராக அவர் நாற்காலிக்கு வந்தார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய், நிமிர்ந்து நின்று, அதுவும் எங்கள் வீட்டுதுதான் என்றார்.

மூலைக் கட்டிலில் கிடந்த சமையற்காரருக்கு யாரும் இல்லை. கேட்க வருவதற்குக்கூட ஆள் இல்லாதவர். டாக்டர்தான் அவரைப் பற்றி ஜாடையாகச் சொன்னாள். டைம்கீப்பர் தாமாகவே போனார். குடும்பத் தலைவர்தான் பேச வேண்டும், அந்த நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்று தர அதிகாரி கேட்டாள்.

"எங்க வீட்டுப் பூஞ்சை அந்த மனுஷன் நெஞ்சுல இருக்கு. இதுக்கு மேல என்ன உறவு வேணும்?"

கருத்து ஆழமானது, ஆராய வேண்டும் என்றார் கண்காணிப்பாளர். அன்றைக்கு வரவேற்புப் பாடலுக்கு ஒத்திகை இருந்ததால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு டைம்கீப்பர் போனபோது மூலைக் கட்டிலில் புதிய விரிப்பு விரித்திருந்தது. கூட்டத்தில் தர அதிகாரி தீர்மானத்தைப் படித்தாள். மேற்படி நோயாளியின் எதிர்பாராத வளர்ச்சி முழுமையாக நின்றுவிட்டபடியால் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது. யாரோ வழக்கம்போலக் கைதட்டத் தொடங்கி, டைம்கீப்பரின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டார்கள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. டிப்போவிலும் அவர் உயர்த்தியதில்லை.

"எங்க வீட்டு சாமான் ஒண்ணு உங்க கூரையில இருக்கு. பரம்பரையா வந்தது. இன்னிக்கே எடுத்துக் குடுங்க."

நிழலை எப்படி எடுப்பது என்று பொறியாளர் தொடங்கினார். நிழல் உங்களுடையது, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கறுப்பு எங்களுடையது, தாத்தா காலத்துச் சொத்து, அதை விட்டுப் போக மாட்டேன் என்றார் டைம்கீப்பர். குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு அவர்கள் முகங்களில் மெல்ல ஒரு நிம்மதி பரவியது. அத்தனை காலமும் அவர்களால் அந்தக் கூரையைத் திறக்க முடியாமல் இருந்ததற்கு ஒரே காரணம், திறந்தால் உள்ளே இருப்பது ஆஸ்பத்திரியுடையதாகிவிடும் என்பதுதான். பிறர் பொருளைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன இழிவு? அது நேர்மையல்லவா?

கட்டில்களை வேறு அறைக்கு மாற்றிவிட்டுக் கூரைப் பலகைகளைக் கழற்றினார்கள். மேலே ஏசியின் காற்றுக் குழாய் ஒழுகி, அதைச் சுற்றியிருந்த பஞ்சு உறை முழுதும் ஊறி, கறுப்பும் பச்சையுமாகக் கம்பளம் விரித்தது போல மண்டிக் கிடந்தது. ஏசியைப் போடும்போதெல்லாம் அது கீழே இருந்தவர்களின் மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி, தடித்த பைகளில் கட்டினார்கள். மதிப்பீட்டாளர்கள் வந்த அன்றே அதை உரியவரிடம் ஒப்படைக்கும் விழாவும் வைத்தார்கள். கண்காணிப்பாளர் பேசினார். எத்தனையோ ஆஸ்பத்திரிகள் பூஞ்சையை ஒழிப்பதாகச் சொல்கின்றன, நாங்கள்தான் அதை அதன் குடும்பத்தோடு சேர்த்துவைத்திருக்கிறோம் என்றார். கேடயம் அவர்களுக்கே கிடைத்தது. விழாவில் எடுத்த படத்தில் டைம்கீப்பர் ஒரு கையில் பையோடு, விறைப்பாக, வாசலில் நிற்கிற காவலரைப் போல நிற்கிறார். குப்பை எரிக்கிற இடத்தில் அதைச் சேர்த்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனார்.

மருமகளுக்குக் குழாய் எடுத்து, சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். மருந்து இன்னும் பல வாரம் நிற்காமல் இறங்க வேண்டும். அதுவரை வாக்கு மாறக் கூடாது என்று டாக்டர் அவரை எச்சரித்திருந்தாள். மூலம் இல்லை என்றானால் மருந்தும் இல்லை. உண்மையை வீட்டில் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம், முக்கியமாக நோயாளியிடம். கோபம் வந்தால் கத்திவிடுவார்கள் என்றாள். அவள் மருமகளை நன்றாகத்தான் புரிந்துவைத்திருந்தாள்.

டைம்கீப்பர் போனபோது கட்டிலருகே நர்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா சொல்ல வேண்டியதையெல்லாம் மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மருமகளின் தலையில் முடி இல்லை, கன்னத்தில் சதை இல்லை. குரல் மட்டும், கீறலாக, இருந்தது.

"மாமா. நம்ம வீட்டுலயா பூஞ்சை?"

"ஆமாம்மா."

"எங்க?"

மண்டபம் நிறைய ஆட்களின் முன்னால் தடுமாறாதவர் இப்போது தரையைப் பார்த்தார். நர்ஸ் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"சமையக்கட்டுல. மேல" என்றார்.

"நான் வாராவாரம் ஒட்டடை அடிக்கிற எடத்துலயா?"

மருமகளின் கண்களில் நீர் நிறைந்தது. அது வருத்தம் அல்ல என்று அவருக்குத் தெரிந்தது. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டீர்களாமே, தாத்தாவைக்கூட விடவில்லையாமே என்றாள். அவர் தலையசைத்தார். நர்ஸ் ஊசியைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தாள். சொட்டு மறுபடியும் விழத் தொடங்கியது.

"இனிமே என்கிட்டப் பேசாதீங்க மாமா" என்று மருமகள் கட்டிலின் கம்பியைப் பிடித்து, முழங்கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, யாருடைய கையும் படாமல் தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.